ஒளித்த பேழையைத் தேடும் கலை

சிறுவர் ஆடும் ஆட்டங்களுள் ஒளித்துப் பிடித்து ஆடுவது மிகப் பழையது. ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுகிறான். மற்றவர் மரத்தின் மறைவிலும் படலையின் பின்னாலும் பதுங்குகின்றனர். எண்ணி முடித்தவன் தேடப் புறப்படுகிறான். ஒளிப்பவனுக்கு ஓர் இன்பம், தேடுபவனுக்கு ஓர் இன்பம், கண்டுபிடிக்கும் கணத்தில் இருவர்க்கும் பொதுவான ஓர் இன்பம். வயது ஏறியதும் மனிதர் இவ்வாட்டத்தைக் கைவிட்டு விடுகின்றனர். எனினும், 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் உலகின் பல நாடுகளில் முதியோரும் இளையோரும் ஒருங்கு சேர்ந்து இதனை மீண்டும் ஆடத் தொடங்கியுள்ளனர். இப்பொழுது ஒளிந்திருப்பது ஆள் அன்று. ஒரு சிறு பேழை. தேடுவோனுக்குத் துணையாக அமைவன, பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றிவரும் செய்மதிகள். இவ்வாட்டத்திற்கு ஜியோகாஷிங் என்பது பெயர். 'ஜியோ' என்பது பூமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. 'காஷ்' என்பது ஒளித்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் தோலுக்காக விலங்குகளைப் பொறிவைத்துப் பிடித்தோர், தம் உணவையும் உடைமைகளையும் மறைத்து வைத்த இடத்தை அப்பெயரால் வழங்கினர்.

இவ்வாட்டம் பிறந்த கதையை அறிய வேண்டுமாயின், முதலிற் செய்மதிகளின் கதையை அறிதல் வேண்டும். ஜி. பி. எஸ். எனப்படும் செய்மதி வழிகாட்டும் முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புத் துறையினால் ஆக்கப்பட்டது. அதன் முதற் செய்மதி 1978ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. கப்பற்படைக்கும் தரைப்படைக்கும் வானப்படைக்கும் வழிகாட்டுவதே அதன் நோக்கம். 1983ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆந் திகதி, கொரிய நாட்டுப் பிரயாணிகள் விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் நாட்டின் வான்பரப்பினுள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். தான் எங்கே பறக்கிறது என்பதை அவ்விமானம் செம்மையாக அறிந்திருப்பின் அத்துன்பம் நேர்ந்திராது. அதன் பின்னரே, இச்செய்மதிகளின் பயனைப் பொதுமக்களும் பெறலாம் என்று அந்நாட்டின் சனாதிபதி றேகனின் அரசாங்கம் அறிவித்தது.

ஆயினும் பொதுமக்களுக்குக் கிடைத்த அலைகளில் வேண்டுமென்றே ஒரு பிழை புகுத்தப்பட்டிருந்தது. பகைவர் அவற்றைக் கொண்டு குறிபார்த்து அடித்து விடலாகாது என்பதே காரணம். அப்பிழையினால் ஒருவர் தம் இடத்தை நூறு மீற்றர் அளவுக்குத் தவறாகவே அறிய முடிந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் 1ஆந் திகதி, இப்பிழை நீக்கப்படுகின்றது எனச் சனாதிபதி கிளின்டன் அறிவித்தார். அன்றிரவே அது நீக்கவும் பட்டது. மக்களிடம் முன்னரே இருந்த கருவிகள், எவரும் அவற்றைத் தொடாமலே, பன்மடங்கு கூர்மை பெற்றன.

இக்கூர்மையைச் சோதித்துப் பார்க்க விரும்பினார் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் அல்மர் என்பவர். மே மாதம் 3ஆந் திகதி, பீவர்க்கிறீக் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள காட்டுப் பகுதியில், கரிய வாளி ஒன்றைப் பாதி மண்ணிற் புதைத்து வைத்தார். சில நூல்கள், ஒளிப்பட நாடாக்கள், கணினி நிரல்கள், சிறிது பணம், ஒரு கவண், ஒரு தகரத்தில் அடைத்த அவரை ஆகியன அதனுள்ளே இருந்தன. எதையேனும் எடுத்தால் எதையேனும் வைத்துச் செல்லுங்கள் என்பது அவர் விதித்த ஒரே விதி. பின்னர் அவ்விடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தின் வழியே உலகுக்கு அறிவித்தார். மூன்று நாட்களுக்குள் அவ்வாளி இருமுறை கண்டுபிடிக்கப்பட்டு விட்டது. முதலில் அதனைக் கண்டு குறிப்பெழுதியவர் அயல் மாநிலமாகிய வாசிங்ரனைச் சேர்ந்த மைக் ரீக் என்பவர். அம்மாத முடிவில் மற் ஸ்ரம் என்பவர் ஜியோகாஷிங் என்ற பெயரை முன்மொழிந்தார். செப்டெம்பர் மாதம் 2ஆந் திகதி ஜெரமி ஐரிஷ் என்பவர் இவ்வாட்டத்துக்கெனத் தனியான இணையத்தளம் ஒன்றைத் தொடங்கினார். அப்பொழுது உலகம் முழுவதிலும் அறியப்பட்டிருந்த பேழைகள் 75 மட்டுமே. இன்று அத்தொகை 30 இலட்சத்தைக் கடந்துவிட்டது.

புதுமை என்று தோன்றும் இதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டாட்மூர் என்னும் மேட்டு நிலத்தில், 1854ஆம் ஆண்டில், சாக்ஃபோட் என்னும் ஊரைச் சேர்ந்த வழிகாட்டியாகிய ஜேம்ஸ் பெரற் என்பவர், கிரான்மியர் என்னும் எளிதில் எட்ட முடியாத சதுப்பு நிலத்தில் ஒரு போத்தலை வைத்தார். அங்கே சென்று சேர்ந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டு வந்தனர். பின்னர் அது பெட்டியாகவும் முத்திரையாகவும் வளர்ந்து, அப்பகுதியில் ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. ஆகவே செய்மதி வந்து இவ்வாசையைப் பிறப்பித்தது என்று சொல்வதற்கில்லை. பழைய ஆசைக்கு அது புதிய கண்ணைக் கொடுத்தது.

இனி, இவ்வாட்டத்தைப் புதிதாகப் பயில விரும்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒறிகன் மாநிலத்தில் வாழும் இளைஞர் என்றும், கையில் அடங்கும் ஒரு ஜி. பி. எஸ். கருவியைப் புதிதாக வாங்கியுள்ளார் என்றும் வைத்துக்கொள்வோம். இன்று கைத்தொலைபேசியே இவ்வேலையைச் செய்யவல்லது. எனினும் மழையில் நனைந்தாலும், கல்லில் விழுந்தாலும், இரண்டு சிறிய மின்கலங்களைக் கொண்டு ஒரு நாள் முழுவதும் உழைக்கக் கூடியது என்பதனால், காட்டுக்குச் செல்வோர் பலர் இக்கைக்கருவியையே விரும்புகின்றனர்.

புதியவர் பெரும்பாலும் கருதுவது யாதெனில், வானத்திலுள்ள செய்மதி தம்மைக் கண்டு, தாம் நிற்கும் இடத்தைத் தமக்குச் சொல்லுகின்றது என்பதே. உண்மை அதுவன்று. செய்மதிக்கு அவரைத் தெரியாது. ஒவ்வொரு செய்மதியும் தன்னிடமுள்ள அணுமணிக்கூட்டின் நேரத்தையும், தான் நிற்கும் இடத்தையும் வானொலி அலைகளில் ஓயாது சொல்லிக்கொண்டிருக்கிறது. கைக்கருவி அதனைக் கேட்கின்றது, அவ்வளவே. அலை புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகின்றது. செய்மதி தலைக்கு நேர்மேலே நிற்குமாயின், அவ்வேறுபாடு ஒரு செக்கனில் ஏறக்குறையப் பதினைந்தில் ஒரு பங்கு. அலை ஒரு செக்கனில் மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வது. ஆதலால் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம் பிழைத்தால், தொலைவில் 300 மீற்றர் பிழைத்துவிடும். மூன்று செய்மதிகளின் தொலைவு தெரிந்தால் இடத்தைக் கணிக்கலாம். கைக்கருவியிலுள்ள மலிவான மணிக்கூட்டின் பிழையைத் திருத்துவதற்கு நான்காவது செய்மதி ஒன்றும் வேண்டும். ஐன்ஸ்ரைன் கூறிய சார்புக் கொள்கையின்படி, உயரத்திற் சுற்றும் மணிக்கூடு நிலத்திலுள்ளதை விட நாளொன்றுக்கு 38 மைக்கிரோ செக்கன் விரைந்து ஓடும். அதனையும் முன்கூட்டியே திருத்தி வைத்திருக்கின்றனர். திருத்தாது விட்டால் ஒரே நாளிற் பத்துக் கிலோமீற்றருக்கு மேற் பிழை திரண்டுவிடும்.

இவ்வளவு நுண்மையான கருவி கையில் இருக்கையிற் பேழையைக் கண்டெடுப்பது எளிதுதானே என்று இளைஞர் எண்ணுகிறார். முதற் பாடம் வீட்டிலேயே தொடங்குகின்றது. பேழையின் இடத்தைக் குறிக்கும் எண்களைக் கருவியிற் பதிதல் வேண்டும். அல்மர் வாளி வைத்த இடத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் அகலாங்கு வடக்கு 45 பாகை, 17.460 கலை, நெட்டாங்கு மேற்கு 122 பாகை, 24.800 கலை. இங்கே 17.460 என்பது கலையும் அதன் தசம பின்னமும் ஆகும். புதியவர் பலர் இதனை 17 கலை 46 விகலை என்று வாசித்து விடுகின்றனர். ஒரு கலைக்கு 60 விகலை ஆதலின், 0.460 கலை என்பது 27.6 விகலையே. ஆகவே 18.4 விகலை பிழைத்துவிட்டது. அஃது நிலத்தில் ஏறத்தாழ 570 மீற்றர். அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் நின்று ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்த்தாலும் பேழை கிடைக்குமோ? நெட்டாங்கையும் அவ்வாறே வாசித்திருந்தால் 80 விகலை வந்திருக்கும். அறுபதுக்கு மேல் விகலை இல்லையாகையால், ஊன்றிப் பார்ப்பவருக்கு அங்கேயே பிழை புலப்பட்டிருக்கும். எண்களைப் பதிந்தபின் ஒருமுறை உரக்க வாசித்துச் சரிபார்ப்பது இதனாலேயே நன்று.

இரண்டாவது பாடம், கருவியை வெளியில் எடுத்துச் சென்று சிறிது நேரம் அசையாது வைத்தல். நெடுநாள் மூடி வைத்திருந்த கருவி, எந்தச் செய்மதி எங்கே இருக்கும் என்ற பட்டியலை மீண்டும் பெறவேண்டியிருக்கும். அப்பட்டியல் முழுவதையும் ஒரு செய்மதி சொல்லி முடிக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். பொறுமை இழந்து, கருவி பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டு சென்றோரும் உளர்.

மூன்றாவது பாடமே எல்லாவற்றிலும் முதன்மையானது. காட்டின் வாயிலில் வாகனத்தை நிறுத்தியதும், பேழையை நினைப்பதற்கு முன்னர், தாம் நிற்கும் இடத்தைக் கருவியிற் பதிந்துகொள்ளுதல் வேண்டும். போகும் வழியை மட்டும் எண்ணி, மீளும் வழியை எண்ணாதவர் மாலை மங்கும் வேளையில் இடர்ப்படுவர். மாற்று மின்கலங்களும், தேசப்படமும், காந்தத் திசையறிகருவியும் உடன் இருத்தல் வேண்டும். மின்கலம் தீர்ந்தபின் செய்மதிகள் வானத்தில் முப்பது இருந்தும் பயனில்லை.

இளைஞர் புறப்படுகிறார். திரையில் அம்புக்குறி ஒரு திசையைக் காட்டுகின்றது. தொலைவு 640 மீற்றர் என்கிறது. அம்பு காட்டுவது நேர்கோடு. இடையே ஓடை உண்டா, செங்குத்துச் சரிவு உண்டா என்பது அதற்குத் தெரியாது. அவர் ஒற்றையடிப் பாதையை விட்டு அம்பின் வழியே நடக்கிறார். பன்னச் செடிகளுக்கிடையே புகுந்து, முட்செடியிற் சிக்குண்டு, ஓடைக்கரையில் நின்றுவிடுகிறார். ஒறிகன் காடுகளில் மூன்று மூன்று இலைகளாகக் கிளைத்து வளரும் நச்சு ஓக் என்னும் செடியும் உண்டு. அதன் இலை பட்டால் தோல் தடித்துக் கொப்பளிக்கும். பட்டறிந்தவர் அம்பைப் பார்த்துத் திசையைத் தெரிந்துகொண்டு பாதையையே பற்றி நடப்பர்; பேழை பக்கவாட்டில் வரும்போதே பாதையை விட்டு விலகுவர். சுற்றி வந்த பாதையே விரைவில் அவரைக் கொண்டு சேர்க்கின்றது.

தொலைவு குறைந்துகொண்டே வருகின்றது. 30 மீற்றர், 15 மீற்றர், 8 மீற்றர். இங்கேதான் கருவி அவரைக் கைவிடுகின்றது. எளிய கருவிகள் பலவற்றில் அம்புக்குறி, நடக்கும்போது மட்டுமே திசையை அறியும். நடை தளர்ந்ததும் அது தடுமாறிச் சுழலும். மேலும், உயர்ந்த தேவதாரு மரங்களின் செறிவு அலைகளை மறைக்கின்றது. பாறை அவற்றைத் தெறிக்கச் செய்கின்றது. திறந்த வெளியிற் கருவியின் பிழை சில மீற்றர். மரச்செறிவில் அஃது இன்னும் கூடும். தேடுவோனின் கருவி மட்டுமா பிழைபடுவது? ஒளித்தவரின் கருவியும் அவ்வாறே பிழைபட்டிருக்கும். இரண்டும் ஐந்தைந்து மீற்றர் எதிரெதிராகப் பிழைத்தால், பேழை பத்து மீற்றருக்கு அப்பால் இருக்கும். பத்து மீற்றரை ஆரையாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு 314 சதுர மீற்றர். அத்தனை நிலத்தில் ஒரு சிறு பெட்டி. சிலவேளை சுண்டுவிரலளவே உள்ள ஒரு குழாய்.

இளைஞர் திரையையே பார்த்தபடி முன்னும் பின்னும் நடக்கிறார். நான்கு மீற்றர் என்கிறது. ஓரடி வைத்தால் ஒன்பது என்கிறது. அரை மணி கழிகின்றது. சினம் மூளுகின்றது. கல்லைப் புரட்டுகிறார், பாசியைக் கிளறுகிறார், கிடைக்கவில்லை. வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார்.

ஆட்டத்தின் உண்மையான சோதனை அன்றிரவு வருகின்றது. தேடிச் சென்றவர் கண்டாரா, காணவில்லையா என்பதை இணையத்தளத்திற் பதிதல் வழக்கம். காணவில்லை என்று எழுத நாணம் தடுக்கின்றது. எழுதாது விட்டால் யார் அறியப்போகின்றனர்? கண்டேன் என்றே எழுதிவிட்டாற்றான் என்ன? காவலர் இல்லாத ஆட்டம் இது. பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆயினும் அவர் எழுதும் அந்தச் சிறு வரியைப் பேழையை ஒளித்தவர் எதிர்பார்த்திருக்கிறார். ஐவர் அடுத்தடுத்துக் காணவில்லை என்று மெய் எழுதினால், பேழை வெள்ளத்திற் போயிற்று என்றோ, விலங்கு இழுத்துச் சென்றது என்றோ அவர் அறிந்து, சென்று பார்ப்பார். ஒருவர் பொய்யாகக் கண்டேன் என்று எழுதினால், பேழை நலமே என்று அவர் இருந்துவிடுவார். அதனை நம்பி வேற்றூரிலிருந்து பிள்ளைகளை அழைத்து வரும் ஒரு குடும்பம் நாள் முழுவதும் வீணே அலையும். முகமறியாதோர் ஒருவரையொருவர் நம்புவதிலேதான் இவ்வாட்டம் முழுவதும் நிற்கின்றது. இளைஞர் காணவில்லை என்றே எழுதுகிறார்.

மறுவாரம் மீண்டும் செல்கிறார். இம்முறை முந்திச் சென்றோரின் குறிப்புகளையும், ஒளித்தவர் தந்த சிறு துப்பையும் வாசித்துச் செல்கிறார். தேடும் அருமையும் நிலத்தின் கடுமையும் ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஐந்து வரை தரப்படுத்தப்பட்டிருப்பதையும் கவனிக்கிறார். பத்து மீற்றர் என்று காட்டியதும் கருவியைச் சட்டைப் பையில் இட்டுவிட்டு நிமிர்ந்து நிற்கிறார். நான் ஒளிப்பதாயின் எங்கே ஒளிப்பேன் என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். அப்பொழுதுதான் அவர் காட்டைக் காண்கிறார். விழுந்த மரத்தின் அடியில் மூன்று சுள்ளிகள் ஒரே நீளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. காற்று சுள்ளியை அடுக்குவதில்லை. அவற்றை விலக்குகிறார். உள்ளே இறுக மூடிய ஒரு பெட்டி. பெட்டியினுள்ளே ஒரு சிறு குறிப்பேடும் ஒரு பென்சிலும். தம் பெயரையும் திகதியையும் எழுதி, பெட்டியை மூடி, சுள்ளிகளை இருந்தவாறே அடுக்கி வைத்து மீள்கிறார். அவருக்கு முன் அங்கு நின்றவர்களின் பெயர்கள் எல்லாம் அந்தச் சிறு ஏட்டில் இருக்கின்றன.

இவ்வாட்டத்தில் விளையாட்டு மட்டுமன்றிப் பொறுப்பும் உண்டு. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்தில், இங்கிலாந்தின் வெதர்பி நகரில், உணவுச்சாலை ஒன்றின் வெளியே மறைத்து வைக்கப்பட்ட சிறு பெட்டியைக் கண்டு மக்கள் ஐயுற்றனர். வெடிகுண்டோ என அஞ்சித் தெரு மூடப்பட்டது. படையினர் வந்து அதனை வெடிக்க வைத்து அழித்தனர். உள்ளே இருந்தது விளையாட்டுப் பேழையே. 2018ஆம் ஆண்டில் செக் நாட்டின் பிராகு நகரில் நேர்ந்தது இதனினும் கொடியது. நிலத்தடி வடிகாலினுள் பேழை தேடிச் சென்றவர்கள் மீது திடீர் மழையின் வெள்ளம் பாய்ந்தது, உயிரிழப்பும் நேர்ந்தது. கருவி இடத்தைச் சொல்லும். வானம் கறுத்திருப்பதைச் சொல்லாது. திரும்பிவிடலாம் என்ற முடிவை மனிதரே எடுத்தல் வேண்டும்.

இத்தகைய பட்டறிவினால் விதிகள் வளர்ந்தன. நிலத்துக்கு உரியவரின் இசைவு பெறாது பேழை வைத்தல் ஆகாது. ஒரு பேழைக்கும் மற்றொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீற்றர் இருத்தல் வேண்டும். நிலத்துக்கு உரியவரின் வெளிப்படையான இசைவின்றி மண்ணைத் தோண்டிப் புதைத்தல் கூடாது. விலங்குகள் மோப்பம் பிடித்து வருமாகையால் உணவுப் பொருள் வைத்தலும் கூடாது. அல்மர் பாதி புதைத்து, தகரத்தில் அவரையும் இட்டு வைத்த அந்த முதல் வாளி இன்று வைக்கப்படுமாயின், இவ்விதிகளால் விலக்கப்பட்டிருக்கும். அவ்வாளி இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது.

மனிதனை வானத்தோடு பிணைக்கும் இக்கருவி போருக்காகப் பிறந்தது. 269 உயிர்கள் மாண்ட துன்பத்தின் பின் பொதுமக்கள் கைக்கு வந்தது. அதனைக் கொண்டு மனிதர் கண்டுபிடித்த ஆட்டமோ, முகமறியாத ஒருவர் வைத்ததை முகமறியாத மற்றொருவர் தேடிக் கண்டு, தம் பெயரை எழுதி, மூன்றாமவருக்காக அப்படியே விட்டுவரும் ஆட்டம். புதிதாகப் பயில்வோர் முதலிற் கருவியை நம்பக் கற்கின்றனர். பின்னர் அதன் எல்லையை அறிகின்றனர். இறுதியில் அதனைப் பையில் இட்டுவிட்டுத் தம் கண்ணால் நோக்கப் பழகுகின்றனர். மறுமுறை காட்டின் வாயிலில் வாகனத்தை நிறுத்தும் அவ்விளைஞர், மீளும் இடத்தை முதலிற் பதிந்துகொண்டு, வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்த பின்னரே உள்ளே நடப்பார்.